ஜாமீன் கெண்டை

2021 நவம்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை நாலரை மணி. ராத்திரி பூரா பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்து, மாடித் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. செல்போன் அடித்தது. திரையில் வந்த பெயரைப் பார்த்ததும் தூக்கம் போயே போச்சு. பத்து மாசமாக வராத நம்பர். வந்தாலும் எடுப்பதில்லை என்று நானே எனக்குச் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்த நம்பர்.

எடுத்துவிட்டேன். (நாலரை மணிக்கு அடிக்கிற போனை எடுக்காமல் இருக்கிற தைரியம் உங்களுக்கு உண்டா சார்? யாருக்கு என்னவோ ஏதோ!)

ஹலோ கிடையாது. சௌக்கியமா கிடையாது.

"மாப்ளே, மீன் ஏறுதுடா. வர்றியா?"

அவ்வளவுதான். நான் 'ம்' என்றேனா, இருமினேனா, ஞாபகமில்லை. "பத்து நிமிஷத்துல வாசல்ல நிக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

"யாருங்க இந்நேரத்துல?" என்றது போர்வைக்குள்ளிருந்து குரல்.

"ராங் நம்பர்."

"ராங் நம்பருக்கு எதுக்குக் கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கிளம்புறீங்க?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அவன் நிஜப் பெயரை எழுதினால் உதைப்பான். காலேஜில் நாங்கள் வைத்த பெயர் தக்கை. தூண்டில் நரம்பில் கட்டுவோமே, மயிலிறகுத் தண்டு, அந்தத் தக்கை. ஆளும் அதே கனம். எத்தனை தடவை முங்கினாலும் எங்கேயாவது தலையைத் தூக்கிவிடுவான். அரியர்ஸில் முங்கினான், எழுந்தான். காதலில் முங்கினான், எழுந்தான். 2018-ல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை போடுகிறேன் என்று ஒரு வங்கியில் ரெண்டு லட்சம் லோன் கேட்டான். ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். ஆள் நான்.

இத்தனைக்கும் நான் பி.காம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128. கடன் வாங்கினவனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவனுக்கும் உண்டு. செகண்ட் இயர் கமர்ஷியல் லா பரீட்சையில் இதை ரெண்டு பக்கம் அடித்து விளாசியிருக்கிறேன். அதே கையால்தான் வங்கியில் ஏழு இடத்தில் கையெழுத்தும் போட்டேன். படிப்பு வேறு, புத்தி வேறு.

கடை நன்றாகத்தான் போனது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஆறு மாசம் தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி விட்டுக் கொடுத்தது. கடைக்காரர் வாடகையை விட்டுக் கொடுக்கவில்லை. செப்டம்பரில் வங்கி திரும்பக் கேட்க ஆரம்பித்தபோது கடையில் ஷட்டர் மட்டும் இருந்தது. 2021 தை மாசம் நோட்டீஸ் என் வீட்டுக்கு வந்தது. வட்டியோடு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். என் மனைவி ரெண்டு வளையலைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அவனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டேன். நாலு நாற்பதாச்சு. கடைசியில் அவன் சொன்னான்: "நானாடா உன் கையைப் பிடிச்சுக் கையெழுத்துப் போடச் சொன்னேன்?"

டீயைக் கீழே வைத்துவிட்டு வந்தேன். அதோடு சரி.

இப்போது அவன் வாசலில் டி.வி.எஸ். எக்ஸெல்லோடு நிற்கிறான். மெலிந்திருந்தான். ரெண்டு மூங்கில் கம்பு, ஒரு கோணிச் சாக்கு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட மாத்திரை டப்பா ஒன்று. உள்ளே என்னவோ பரபரவென்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"என்னடா அது?"

"ஈசல். ராத்திரி மார்க்கெட் லைட்டுக்கு அடியில பிடிச்சேன்."

அப்போதுதான் தெரிந்தது, அவன் பூ மார்க்கெட்டில் ராத்திரி மூட்டை இறக்கப் போகிறான் என்று. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பூ ஏற்றி வந்த வேன்காரர், 'எங்க ஊர்க் கண்மாய் மறுகால் பாயுதுப்பா' என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். மழையில் சரக்கும் கம்மி. கணக்குப் பார்க்காமல் எனக்குப் போன் போட்டுவிட்டான். பி.காம்.மில் என்னோடு படித்தவன்தான் அவனும்!

வத்தலக்குண்டு ரோட்டில் போனோம். பின்னால் மலைக்கோட்டை மேகத்துக்குள் போய்விட்டது. இடது பக்கம் சிறுமலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திரை. ஊரை ஒட்டிய குளங்களை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் எதற்கு என்றால், அவற்றில் சில தோல் பதனிடும் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவை. அங்கே மீன் பிடித்தால் குழம்பு வைக்க முடியாது, செருப்புதான் தைக்கலாம் என்பது தக்கையின் கட்சி. செம்பட்டி தாண்டி, சித்தையன்கோட்டைப் பக்கம் வலது கைக்குத் திரும்பும் வரைக்கும் ரெண்டு பேரும் பேசவில்லை. எக்ஸெல்லின் சத்தம் ரொம்ப உதவியாக இருந்தது.

மீன் ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஆபீஸ் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிரம்பினால், மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்து கீழே ஓடையில் விழும். அதுதான் மறுகால். கீழே குட்டையிலும் ஓடையிலும் கிடந்த மீன்களுக்குப் புதுத்தண்ணீர் வாசனை பட்டதும் கிறுக்குப் பிடித்துவிடும். கெண்டை, கெளுத்தி, உளுவை, அயிரை எல்லாம் தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து எதிர்நீச்சல் போடும். வயிறு நிறையச் சினை. புதுசாக முங்கின புல்லும் வயலும்தான் அதுகளுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. குஞ்சுக்குத் தீனி உண்டு, பெரிய மீன் தொந்தரவு கிடையாது. வருஷத்தில் சில நாள்தான் இந்தக் கூத்து.

எல்லா மீனுக்கும் இந்த வைராக்கியம் இல்லை. ஜிலேபிக் கெண்டை என்று வாங்கிச் சாப்பிடுகிறோமே, அது 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த வெளிநாட்டு மீன். தாய் மீன் முட்டையை வாய்க்குள் வைத்தே பொரித்துவிடும். வெள்ளமும் வேண்டாம், எதிர்நீச்சலும் வேண்டாம். நின்ற இடத்தில் சம்சாரம். கண்மாய்க் குத்தகைக்காரர்கள் விடுகிற கட்லா, ரோகுவோ நேரெதிர். ஓடுகிற ஆற்று வெள்ளம் இல்லையென்றால் முட்டையே போடாது. கடைசியில் 1957-ல் கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்தார். இன்றைக்கு நம் குளத்தில் வளர்கிற கட்லா எல்லாம் ஊசி போட்டுப் பிறந்த பிள்ளைகளின் வம்சம்தான்.

ஆக, கலுங்கில் முட்டிக்கொண்டு நிற்பது நம்மூர்ச் சில்லறை மீன்கள். சம்பளக்காரன் மாதிரி. வருஷா வருஷம் அதே சுவர், அதே முட்டல்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊரே அங்கே இருந்தது. ஒருத்தர் வீச்சு வலை, ஒருத்தர் கொசு வலை. ரெண்டு பெண்கள் பழைய சேலையைக் குறுக்கே பிடித்து அயிரை வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னப் பையன்கள் ஊத்தாவைக் கவிழ்த்துக் கையை விட்டுத் துழாவினார்கள். கண்மாய்க்குள் தூண்டில் போட்டால் குத்தகைக்காரர் தோலை உரித்துவிடுவார். மறுகாலில் அப்படியில்லை. "கீழ போன மீனு பொறந்த வீட்டை விட்டுப் போன பொண்ணு மாதிரி தம்பி, கேக்க முடியாது" என்றார் மடையைப் பார்த்துக்கொள்கிற பெரியவர்.

கலுங்கில் தண்ணீர் ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே விழுந்தது. நுரைக்கு நடுவிலிருந்து கெண்டைகள் டப்பு டப்பென்று எகிறின. பாதி உயரம் வந்து, கல்லில் அடிபட்டு, மல்லாக்க விழுந்து, மறுபடியும். பார்க்கப் பார்க்க எனக்கே மூச்சு வாங்கியது.

தக்கை கூட்டத்தை விட்டுத் தள்ளி, நுரை அடங்கித் தண்ணீர் மெல்லச் சுழல்கிற ஒரு வளைவைப் பிடித்தான். எனக்கு ஒரு கம்பு கொடுத்தான். தக்கை, ஈயக்குண்டு, முள் எல்லாம் ஒழுங்காகக் கட்டியது. இரைக்குப் பரோட்டா மாவு. (வரும் வழியில் ஒரு கடையில் கேட்டு வாங்கினான். "பிசைஞ்ச மாவு மட்டும் போதுமா? சால்னா?" என்று கேட்டார் மாஸ்டர்.) தன் தூண்டிலில் தக்கையும் கட்டவில்லை, குண்டும் கட்டவில்லை. வெறும் நரம்பு, சின்ன முள். டப்பாவைத் திறந்து, இறகு உதிராத ஈசலாகப் பொறுக்கி, முதுகில் மெதுவாகக் கோர்த்துத் தண்ணீர் மேல் வைத்தான். எறியவில்லை, வைத்தான். அது இறகை அடித்துக்கொண்டே சுழலில் மிதந்து போனது. ரெண்டு முழம் போயிருக்கும். கீழேயிருந்து ஒரு வெள்ளி மின்னல். மணிக்கட்டை ஒரு சுண்டு. கையகலக் கெண்டை கரையில் துள்ளியது.

வெள்ளைக்காரர்கள் இதையே ஒரு கலையாக வைத்திருக்கிறார்கள். நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகமும் கட்டி, கோழி இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி ஈ மாதிரி செய்து வீசிப் பிடித்தார்கள். தொப்பி, பூட்ஸ், லைசென்ஸ் சகிதம். அவர்கள் பொய் ஈ போட்டார்கள், தக்கை நிஜ ஈசல் போடுகிறான். செலவு மிச்சம்.

ஒரு மணி நேரத்தில் அவன் பதினெட்டு, நான் ரெண்டு. அந்த ரெண்டும் ஜிலேபி.

பெரியவர் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். "குடகனாத்துக்கு" என்றார். குடகனாறு என்றதும் எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் 1977-ஐத்தான் சொல்வார்கள். அந்த வருஷ வெள்ளத்தில் வேடசந்தூர்ப் பக்கம் அழகாபுரி அணை உடைந்தது. நல்ல நாளில் சாதுவான ஆறு. திண்டுக்கல்லைத் தொட்டும் தொடாமலும் வடக்கே போய், கரூர்ச் சீமையில் அமராவதியில் சேர்ந்து, அமராவதி காவிரியில் சேரும். அப்படியென்றால் என் காலடியில் ஓடுகிற தண்ணீருக்கு வங்கக் கடல் வரைக்கும் டிக்கெட் இருக்கிறது!

கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த மீனும் ஒன்று உண்டு. உல்லம். வங்காளிகள் உயிரை விடுகிற ஹில்சா அதுதான். 1934-ல் மேட்டூர் அணை வந்தபிறகு, காவிரியில் அதன் வரத்து அற்றுப்போகிற அளவுக்குக் குறைந்துவிட்டது. கங்கையிலும் அதே கதை. அலகாபாத் தாண்டியும் போய்க்கொண்டிருந்த மீனை 1975-ல் ஃபராக்கா தடுப்பணை நிறுத்தியது. அமெரிக்காவில் இதன் ஒன்றுவிட்ட சகோதரன் ஷாட் என்ற மீன். வசந்த காலத்தில் ஆற்றில் ஏறும். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுத் தூண்டிலோடு போய்விடுவார்கள். ஜார்ஜ் வாஷிங்டனே பொடோமாக் ஆற்றில் ஷாட் பிடித்து, உப்புக்கண்டம் போட்டு வியாபாரம் பண்ணியவர். ஒழுங்காகக் கணக்கு எழுதியவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

இதையெல்லாம் நான் தக்கைக்குச் சொல்லவில்லை. மீன் பிடிக்கும்போது அவனுக்குப் பேச்சு ஆகாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பிடிக்கிற ஒவ்வொரு மீனையும் முள்ளிலிருந்து கழற்றி, வயிற்றைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தான். ஒல்லியாக இருந்தால் சாக்கு. வயிறு உப்பலாக இருந்தால், ஈரக் கையால் பொத்திக்கொண்டு, வழுக்குகிற பாறையில் ஏறி, கலுங்குக் கல்லுக்கு அந்தப் பக்கம் கண்மாய்க்குள் விட்டுவிட்டு வந்தான். ஒரு தடவை இல்லை, எட்டு தடவை.

கீழே நின்ற பையன்கள் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எட்டு மீன்! சினை மீன் குழம்பு எப்படி இருக்கும் தெரியுமா?

"ஏண்டா, அது பாட்டுக்கு ஏறிட்டுப் போகுது. நீ எதுக்குத் தூக்கி விடுற?"

"ஏற முடியலைடா. கல்லு உசரமா இருக்கு. காலையில இருந்து முட்டுது பாரு." ஈசலைக் கோர்த்துக்கொண்டே சொன்னான். "யாராவது ஒரு கை குடுத்தா அந்தப் பக்கம் போயிரும்."

நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

"அன்னிக்கு டீக்கடையில ஒண்ணு சொன்னேன்ல. கையைப் பிடிச்சா கேட்டேன்னு" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கேட்டேன்டா. நான்தான் கேட்டேன். உன் வீட்டுத் திண்ணையில வெச்சு, உன் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். மறக்கலை."

தொண்டையில் ஏதோ அடைத்தது. சொல்வதற்கு ஒரு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவனே கத்தினான்.

"இழுடா! முங்கிருச்சு பாரு, இழு!"

இழுத்தேன். லேட். முள் மட்டும் வந்தது. பரோட்டா மாவு போயிருந்தது.

"உனக்கு எப்பவும் லேட்டாத்தான்டா தெரியும்" என்று சிரித்தான். பத்து மாசத்துக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

ஒன்பது மணி வாக்கில் மறுபடி தூறல். சாக்கைக் கட்டினோம். எக்ஸெல்லின் சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்து நீட்டினான். உள்ளே ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், பதினாலு.

"ஏழாயிரம் இருக்கு. மாசா மாசம் முடியாது. முடியுறப்ப தர்றேன். எழுதி வெச்சுக்கோ."

வேண்டாம்டா என்று சொல்வதுதான் கதைகளில் வழக்கம். நான் சொல்லவில்லை. வளையல் என்னுடையது இல்லையே. வாங்கிக்கொண்டேன். கை நீளுவதற்கு முன்பே மூளை கழித்துவிட்டது: மீதி ஒரு லட்சத்துப் பதினோராயிரம். பி.காம். புத்தி, என்ன செய்ய!

மீனைப் பாதிப் பாதியாகப் பிரித்தோம். என் ரெண்டு ஜிலேபியையும் எனக்கே கொடுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தேன். மீன் பையையும், பிளாஸ்டிக் கவரையும் அடுப்படி மேடையில் வைத்தேன். மனைவி கவரைத்தான் முதலில் எடுத்தாள். யார் என்று கேட்கவில்லை. ஒரு தடவை எண்ணினாள். திரும்ப ஒரு தடவை எண்ணினாள். முகர்ந்து பார்த்தாள்.

"ஈசல் வாடை அடிக்குது."

அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினாள். அப்புறம் முற்றத்தில் உட்கார்ந்து மீனைச் சாம்பலில் தேய்த்து உரச ஆரம்பித்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். அது முந்தின நாள் பேப்பர்.

"ஐப்பசி கார்த்திகையில பிடிச்ச மீனுன்னு சொல்றீங்க. ஒண்ணுலகூடச் சினை இல்லையே?"

சொன்னேன். வழுக்குப் பாறை, எட்டு தடவை, பையன்கள் சிரித்தது எல்லாம் சொன்னேன். அவள் கை கொஞ்ச நேரம் நின்றது.

"பிழைக்கத் தெரியாத மனுஷன்" என்றாள். திட்டினாளா என்ன என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடி கத்தி நகர்ந்தது.

மத்தியானம் புளி கரைத்து, மாங்காய் கீறிப் போட்டுக் குழம்பு வைத்தாள். தெரு முனை வரைக்கும் வாசனை போயிருக்கும். ரெண்டு தடவை சோறு வாங்கினேன். வாய் பேசாமல் பரிமாறினாள்.

ராத்திரி படுக்கப் போகும்போது அடுப்படியில் பாத்திரச் சத்தம். எட்டிப் பார்த்தேன். எவர்சில்வர் தூக்குவாளியில் குழம்பை ஊற்றி, நடுத்துண்டாகப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டு, மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மீன் குழம்பு மறுநாள்தான் ருசி. காலையில ஆபீஸ் போற வழியில அவர்கிட்ட குடுத்துட்டுப் போங்க" என்றாள். விளக்கை அணைக்கப் போனவள் திரும்பினாள்.

"தூக்குவாளியை மறக்காம வாங்கிட்டு வந்துருங்க. அதையாவது."